பேணி போன ஊருக்கு நான் போகவில்லை

1

போன கிழமை, லண்டனில் நாங்கள் இருக்கிற மிச்சம் என்ற இடத்துக் கடைத்தெருவில் ஒரு நீலத் தறப்பாள் வாங்கினேன். கடைக்காரத் தம்பி நம்மூர்ப் பிள்ளை. அதை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டே கேட்டார்:

"என்னக்கா, கூரை ஒழுகுதோ? கவுன்சிலுக்கு அடிச்சுச் சொன்னனீங்களோ?"

"கூரை ஒழுகேல்லைத் தம்பி. பார்க்கிலை விரிச்சு இருக்கப்போறன்."

"பார்க்கிலையோ? ஆரோடை?"

"என்ரை மகளோடை."

"தர்ஷினி ஜப்பானிலை எல்லோ?"

"வாறாள்."

அவர் சிரித்துவிட்டார். "தறப்பாள் விரிச்சு இருக்கிறதுக்கோ அக்கா நாங்கள் லண்டனுக்கு வந்தனாங்கள்?"

 காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இதை வாசிக்கிற உங்களில் சிலர் ஊரில் இடம்பெயர்ந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்துதான் வாசிப்பீர்கள். மழைக்கும் வெயிலுக்கும் அதுவே கூரை, அதுவே சுவர். அப்படியிருக்க, ஆசைக்குத் தறப்பாள் வாங்கினேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். அழகாக எழுத வராது. என் மகள் ஜப்பானில் ஒரு சின்ன ஊரில் படிக்கிறாள். அவள் திரும்பி வருவாளா, அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடுவாளா என்ற பயத்திலும் எரிச்சலிலும் இந்த வருசம் முழுக்க வெந்துபோனேன். அந்த எரிச்சலைத்தான் எழுதுகிறேன். யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் முதலில் ஒரு மனுசி மேல். பிறகு ஒரு பார்க் மேல். கடைசியில் ஒரு தகர பிஸ்கட் பேணி மேலும்.

2

எண்பத்துநாலில் நாங்கள் லண்டனுக்கு வந்தபோது தர்ஷினிக்கு எட்டு வயது. வளர்ந்து, இங்கே ஒரு யூனிவேர்சிற்றியில் ஜப்பான் பாஷை படிக்கச் சேர்ந்தாள். "ஏன் பிள்ளை, டொக்டர் இல்லை, எக்கவுண்டன் இல்லை, இதென்ன படிப்பு?" என்று கேட்டேன். "ஐ லைக் இட்" என்றாள். அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் மோர்டனில் நடந்த தமிழ் வகுப்புக்கு அவளைக் கூட்டிப் போக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இருநூற்றுச் சொச்சம் எழுத்து இருக்கிறதாம், தன்னால் ஏலாதாம். அந்தப் பிள்ளைதான் ஆயிரக்கணக்கான எழுத்து உள்ள ஒரு பாஷையைத் தானே தேடிப் போய், குசினிச் சுவர் முழுக்கத் துண்டு துண்டாக ஒட்டி வைத்துப் படித்தாள். தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் அந்த எழுத்துகள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்போதே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

மூன்றாம் வருசம் அங்கே போய்ப் படிக்க வேண்டும், அங்கத்தைய பிள்ளை ஒன்று இங்கே வரும், மாற்றிக்கொள்கிற ஏற்பாடு என்றாள். எனக்கு முதலில் நினைவு வந்தது பூமி ஆடுவது. பிறகு பச்சை மீன். பிறகு அங்கே காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது.

"ஒரு வீட்டிலைதான் விடுவினம். அங்கை ஒரு அம்மா இருக்கிறா" என்றாள்.

"அங்கையும் ஒரு அம்மாவோ?"

"ஹோஸ்ட் மதர், அம்மா."

"அதெல்லாம் சரி. நீ அவவை என்னெண்டு கூப்பிடுவாய்?"

அவள் பெட்டிக்குள் உடுப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகுதான் தெரிந்தது, அங்கே எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்காரியை 'ஒக்காசான்' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒக்காசான் என்றால் அம்மா.

கூடப் போய் அந்த வீட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பதினெட்டு வயது ஆனதும் அவள் தானாக விண்ணப்பித்துப் பாஸ்போட் எடுத்துவிட்டாள். என்னுடையதும் தகப்பனுடையதும் குறைடன் குடிவரவுக் கந்தோரில் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. எப்போது கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதில். போன புரட்டாதியில் விமான நிலையத்தில் அவள் திரும்பித் திரும்பிக் கை காட்டிக்கொண்டு உள்ளே போனாள். நானும் இவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

3

அந்த ஊரில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பார்க் இருக்கிறது. பெரிதில்லையாம். இரண்டு ஊஞ்சல், ஒரு மண் குழி, ஒரு தண்ணீர்க் குழாய், காசு போட்டால் சூடாகவும் குளிராகவும் பேணியில் குடிக்கத் தருகிற ஒரு பெட்டி, ஒரு பச்சைப் போன். அந்தப் போனில் இருந்துதான் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எடுப்பாள். எனக்கு விடிய, அவளுக்குப் பின்னேரம். போன் காட் முடியும் மட்டும் கதைப்பாள்.

முதல் மாதத்தில் "குளிருதம்மா" என்றாள். அடுத்த மாதத்தில் "நாங்கள் எல்லாரும் இஞ்சைதான் இருக்கிறம்" என்றாள். யார் அந்த எல்லாரும்? வெளிநாட்டில் இருந்து மாறி வந்து படிக்கிற பிள்ளைகள். கொரியாப் பெட்டை ஒன்று, தாய்லாந்துப் பெட்டைகள் இரண்டு, பிரேசில் பொடியன் ஒருவன், அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த ஒரு நெட்டை. அங்கத்தைய வீடுகள் சின்னன், கடைகளில் இருந்தால் செலவு. அதனால் வகுப்பு முடிய எல்லாரும் பார்க்குக்கு வந்துவிடுவார்கள். ஒக்காசான் வீட்டில் இருந்து ஒரு நீலத் தறப்பாள் கொண்டுவந்து விரிப்பாவாம். சப்பாத்தைக் கழற்றி ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு ஏறி இருப்பார்களாம். அதைக் காட்டி ஒரு படமும் அனுப்பினாள். தறப்பாளின் ஓரத்தில் பல சோடிச் சப்பாத்து. அதில் ஒரு சோடி நான் ரூட்டிங் சந்தையில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. அந்தச் சப்பாத்தை மிச்சத்தில் வாசலில் கழற்றி வைக்கச் சொல்லி எத்தனை நாள் கத்தியிருப்பேன்! கார்ப்பெற்றுக்கு மேலே நடந்து மாடிக்கு ஏறிப் போய்விடுவாள். அங்கே போய்ச் சப்பாத்தின் மூக்கு நேராக வைத்திருக்கிறாள்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீசில்தான் பதில் சொல்வாள். ஜப்பானுக்குப் போனபிறகு போனில் முழுக்கத் தமிழ். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அம்மா, இஞ்சை எல்லாரும் இந்தப் போனிலை நிண்டு தங்கடை அம்மாவோடை தங்கடை பாஷையிலை கதைக்கினம். நான் மட்டும் இங்கிலீசிலை கதைச்சன். பிரேசில் பொடியன் கேட்டான், உன்ரை அம்மா இங்கிலீஸ்காரியோ எண்டு. வெக்கமாப் போச்சுது."

சந்தோசப்பட வேண்டிய விசயம்தானே? நான் சந்தோசப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு வருசம் நான் அடித்தும் கெஞ்சியும் கொண்டுவர முடியாத தமிழை, முகம் தெரியாத ஒரு பொடியன் ஒரே கேள்வியில் கொண்டுவந்துவிட்டான். 

அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போது, அங்கே ஐந்து மணி ஆனதும், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும். சொல் இல்லாத பாட்டு. 

"இதென்ன பிள்ளை, கோயிலோ?"

"இல்லையம்மா. சின்னப்பிள்ளையள் விளையாட்டை விட்டிட்டு வீட்டை போகவேணும் எண்டு போடுறது."

"ஊருக்கே சேர்த்து ஒரு அம்மா கூப்பிடுற மாதிரி."

"ஓம். சரியம்மா, நானும் வீட்டை போறன். வைக்கட்டோ?"

வீட்டை போறன். போனை வைத்தபிறகும் அந்தச் சொல் காதுக்குள்ளேயே நின்றது. வீடு இங்கே மிச்சத்தில் இருக்கிறது. அவளுடைய கட்டில் இங்கே இருக்கிறது. குசினிச் சுவரில் அந்தத் துண்டுகளைக்கூட நான் இன்னும் கழற்றவில்லை.

4

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு பார்க் இருக்கிறது. பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் எனக்கு வேலை. போகவும் வரவும் அதைக் குறுக்கே கடந்துதான் நடப்பேன். ஒருநாளும் அதில் இருந்ததில்லை. இருந்து என்ன செய்வது? யாரோடு இருப்பது? என் இருபத்தோராவது வயதில் என் மடியில் அவள் இருந்தாள். சிநேகிதிகளோடு புல்லில் கால் நீட்டி இருந்து, ஒன்றுமில்லாததுக்குச் சிரிக்கிற வயது எனக்கு எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்கே தெரியாது.

சின்ன வயதில் அவளையும் அந்தப் பார்க்குக்கு நான் விட்டதில்லை. மொட்டைத் தலையும் பெரிய சப்பாத்துமாகப் பொடியன்கள் திரிந்த காலம் அது. கறுப்பாய் ஒரு பிள்ளையைக் கண்டால் துப்புவார்கள். புல்லுக்குள் போத்தல் உடைந்து கிடக்கும். ஐஸ்கிறீம் வான் மணி அடித்துக்கொண்டு வந்தால் அவள் யன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் திரையை இழுத்துவிடுவேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் பிறகு வந்த ஒரு படத்தில் அவள் தறப்பாளில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பை நான் இங்கே கண்டதில்லை. அதைக் கண்டது அந்த ஒக்காசான் மனுசி.

அந்த மனுசிக்கு சச்சிக்கோ என்று பெயர். என் வயதுதான்.

5

பேணிக்கு வருகிறேன்.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் ஒரு பெரிய பிஸ்கட் பேணியைக் கழுவிக் காயவைத்து, பயத்தம் உருண்டை, சீனி அரியதரம், எள்ளுருண்டை எல்லாம் அடுக்கி மகளுக்கு அனுப்பினேன். உள்ளுக்குள் ஒரு கள்ள எண்ணமும் இருந்தது. ஒரு கடி கடித்தால் வீட்டு நினைவு வரும், அழுவாள், அடுத்த பிளேனில் ஏறுவாள் என்று.

அவள் அதைப் பார்க்குக்குக் கொண்டுபோய்த் தறப்பாளுக்கு நடுவில் வைத்துத் திறந்திருக்கிறாள். எல்லாருமாகச் சேர்ந்து முடித்துவிட்டார்கள். தாய்லாந்துப் பெட்டைகள் எள்ளுருண்டைக்குச் சண்டையாம்.

தை மாதம் தபால்காரன் கதவைத் தட்டினான். அதே பேணி! சிவப்பு மூடியில் அதே நெளிவு. திறந்தால் உள்ளே அரிசியில் செய்த மொறுமொறுப்பான வட்டங்கள், பச்சைத் தேயிலை, பூ வேலை செய்த ஒரு கைக்குட்டை. அந்த மனுசி அனுப்பியிருக்கிறா.

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பலகாரம் கொண்டுவந்த ஏனத்தை நாங்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்போமா? ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம். அது எங்கள் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்த மனுசிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மகளிடம் கேட்டேன். "நான் ஒண்டும் சொல்லேல்லையம்மா, இஞ்சையும் அப்பிடித்தான்" என்றாள்.

இனி நான் சும்மா இருக்க முடியுமா? பேணி என்னிடம் இருக்கிறது. முறை என்னுடையது. இந்தமுறை முறுக்கும் பருத்தித்துறை வடையும், மேலே அந்த மனுசிக்கு ஒரு பட்டுத் துண்டு. மாசி முடியமுதல் பேணி திரும்பி வந்தது. கடலைமா இனிப்பு, ஒரு விசிறி, இவருக்குக் கம்பளிக் காலுறை. கையால் பின்னியது! நான் விடுவேனா? இரண்டு நாள் லீவு எடுத்துப் பலகாரம் சுட்டேன்.

இவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து, நான் பேணிக்கு ஒட்டுகிற ரேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சை பார், இந்தப் பேணிக்கு எங்களைவிட லேசா விசா கிடைக்குது."

"பகிடி விடாதையுங்கோ."

"பகிடியில்லை. குறைடனிலை எங்கடை பைலைக் காணேல்லை. இது மூண்டாந்தரம் ஜப்பான் போகுது. அடுத்தமுறை என்னையும் உள்ளுக்கை வைச்சு ரேப் சுத்திவிடு."

சிரித்தேன். ஆனால் பேணியை மூடும்போது அதன் மேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அது போய் அந்தத் தறப்பாளின் நடுவில் இருக்கும். என் பிள்ளை அதைச் சுற்றிக் கை போடுவாள்.

6

பேணி திரும்பவும் என்னிடம் வந்து சேர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பங்குனி கடைசி. போன் அடித்தது. 

"அம்மா, ஒரு விசயம். கோவிக்கக்கூடாது."

"என்ன, காய்ச்சலோ?"

"இல்லை."

"பூமி ஆடினதோ?"

"இல்லையம்மா! இஞ்சை இன்னுமொரு வருசம் நிண்டு படிக்கலாமாம். ரெண்டு யூனிவேர்சிற்றியும் ஓம் எண்டிட்டினம். நீங்களும் அப்பாவும்தான் சொல்லவேணும்."

 இவர் கதவடியில் நின்றார். 'நீயே சொல்லு' என்று கையைக் காட்டிவிட்டு நழுவப் பார்த்தார்.

"அம்மா, காட் போகுது. ஏதாவது சொல்லுங்கோ."

"அந்த மனுசி பக்கத்திலை நிக்கிறாவோ?"

"ஆர், ஒக்காசானோ? ஓம், தறப்பாள் மடிக்கிறா."

"அவவிட்டைக் குடு."

"அவவுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது."

"அப்ப நீ நடுவிலை நிண்டு சொல்லு. ஒண்டும் விடக்கூடாது."

இந்தப் பேச்சை நான் எத்தனையோ நாள் மனதுக்குள் தயாரித்து வைத்திருந்தேன். 'என்ரை பிள்ளையைத் திருப்பித் தா' என்பதுதான் அதன் முதல் வரி. ஆனால் அங்கே ஒரு மனுசி தொண்டையைச் செருமிக்கொண்டு அவளோடு சேர்ந்து போனில் காது வைத்த சத்தம் கேட்டதும் என் வாயில் வந்தது வேறு.

"முதல்லை, செய்த உபகாரத்துக்கெல்லாம் கனக்க நன்றி எண்டு சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கத்தில் இருந்து நீளமாக ஒரு பேச்சு, மூச்சு விடாமல்.

"என்ன சொல்லுறா?"

"அவவும் நன்றியாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சது இந்த ஒரு சொல்லோ? சரி, விடு. விடியக் காலமை நீ எழும்புறனியோ எண்டு கேள்."

"அம்மா!"

"கேள் எண்டுறன்."

முணுமுணுத்துக்கொண்டு கேட்டாள். மனுசி கலகலவென்று சிரித்தா. நல்ல சிரிப்பு, வயிற்றில் இருந்து.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை."

"சொல்லு."

"மூண்டு தரம் கூப்பிடவேணுமாம்."

"இஞ்சை அஞ்சு தரம் எண்டு சொல்லு. ஈரத் துவாயைக் கட்டிலிலை எறியிறியோ எண்டும் கேள்."

"நான் கேக்கமாட்டன்! இதென்ன கோட்டு விசாரணையோ?"

ஆனால் அந்த மனுசிக்கு அதற்குள் ருசி பிடித்துவிட்டது. அவ தானாக ஏதோ கேட்டா. அதற்கு என் மகள் ஜப்பான் பாஷையில் எரிந்து விழுந்தாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தத் தொனி! நாக்கைச் சொடுக்கிவிட்டு, கடைசிச் சொல்லை இழுத்து, கண்ணை மேலே உருட்டியிருப்பாள், எனக்குத் தெரியும். இருபது வருசமாக அதைக் கேட்டவள் நான். மற்றவர்களோடு அவள் மரியாதையான பிள்ளை. ரீச்சர்மார், கோயில் ஐயர், தகப்பன்கூட, ஒருவரோடும் அப்படிப் பேசமாட்டாள். அந்த எரிந்து விழுதல் எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

ஒக்காசான் என்று கூப்பிட்டதைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். அது வெறும் கூப்பிடு சொல் என்று என்னைத் தேற்றிக்கொள்ளலாம். இதை எப்படித் தேற்றுவது? சொல்லப்போனால் அந்த வருசத்தில் எனக்கு வந்த பொறாமை எல்லாம் ஒரு தட்டில், அந்த ஒரு நிமிசம் மற்றத் தட்டில்.

அதே நேரம் ஒன்று விளங்கியது. தன்மேல் எரிந்து விழவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிற மனுசி என் பிள்ளையைப் பட்டினி போடமாட்டா.

அந்த நேரம் பார்த்து ஐந்து மணிப் பாட்டுத் தொடங்கியது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். பாட்டுக்கு நடுவில் அந்த மனுசி மெல்ல ஏதோ கேட்டா.

"என்னவாம்?"

"பேணி வந்து சேந்ததோ எண்டு கேக்கிறா."

பேணி என் முன்னால் மேசையில்தான் இருந்தது. உள்ளே வந்ததெல்லாம் எடுத்தாயிற்று. இனி நிரப்ப வேண்டியது நான்.

"வந்திட்டுது எண்டு சொல்லு. இன்னொண்டும் சொல்லு. நீ நிண்டு படி, நாங்கள் மறிக்கேல்லை. ஆனால் பேணி இனித் தபாலிலை வராது."

"ஏனம்மா?"

"கோடை லீவுக்கு நீ இஞ்சை வந்து, நான் நிரப்பித் தர, நீதான் கொண்டுபோகவேணும். நீ வராட்டில் பேணி இஞ்சைதான். அப்பிடியே சொல்லு."

சொன்னாள்.  ஏனம் கைமாறி நிற்பதன் பாரம் தெரிந்த மனுசி. என்னுடைய கணக்கு அவவுக்கு விளங்காமல் இருக்குமா? பிறகு போனுக்குக் கிட்ட வந்து, எனக்கு நேராக ஒரே ஒரு சொல் சொன்னா.

"ஹை."

"அப்பிடி எண்டால் ஓம் எண்டு, அம்மா."

"அது எனக்கு விளங்கினது" என்று சொல்ல வாயெடுத்தேன். காட் முடிந்துவிட்டது.

7

போன ஞாயிற்றுக்கிழமை கடைசியாகக் கதைத்தாள். "சனிக்கிழமை வீட்டை வாறன்" என்றாள். மூன்று கிழமை நிற்பாளாம். ஒக்காசான் அவளுக்கு ஒரு பை நிறையச் சாமான் தந்துவிடுகிறாவாம். தரட்டும். நானும் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று வேலை முடிந்து வந்தபிறகு, தறப்பாளையும் பேணியையும் எடுத்துக்கொண்டு பின் பார்க்குக்குப் போனேன். பேணிக்குள் பயத்தம் உருண்டை, பதம் பார்க்கச் செய்தது. எந்த இடம் மேடில்லை, எந்த இடத்தில் நாய் அசிங்கம் இல்லை, வெயில் எப்போது எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து வைக்க வேண்டாமா? மகளை வைத்துக்கொண்டு தடுமாறக்கூடாது. காற்றுக்குத் தறப்பாள் பறந்தது. நடுவில் பேணியை வைத்தேன், நின்றது. சப்பாத்தைக் கழற்றி ஓரத்தில் வைத்தேன். ஒரு சோடி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏறி இருந்தேன். கால் நீட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாயோடு நடக்கிற வெள்ளைக்காரக் கிழவி ஒருவர் தினமும் என்னைக் கடந்து போவார். தலையை ஆட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். அவர் நின்றுவிட்டார்.

சுகமில்லையா, யாரையாவது கூப்பிடவா என்று இங்கிலீசில் கேட்டார். இத்தனை வருசத்தில் நான் நிற்பதையே அவர் கண்டதில்லை. இருப்பதைக் கண்டால் பயப்படத்தானே செய்வார்.

எனக்கு ஒன்றுமில்லை, என் மகளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அப்படியா, நல்லது, எப்போது வருகிறாள் என்று கேட்டார்.

"சட்டர்டே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தறப்பாளைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, நான் நீட்டிய பேணியில் இருந்து ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டார்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை.